ஆடை கட்டிய டீ

1

எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு டீ பரீட்சை நடக்கிறது. பரீட்சை வைப்பவள் என் மகள் ஜெனி, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எழுதுபவள் நான், ஐம்பத்திரண்டு வயது, இருபத்துமூன்று வருடமாக இந்த ஹல் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஹல் என்பது இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம் இருக்கிற துறைமுக ஊர். வடசென்னைத் திருவொற்றியூரிலிருந்து கிளம்பியவளுக்கு உலகத்தில் வேறு இடமே கிடைக்கவில்லை பாருங்கள், இங்கேயும் கிரேனும் கண்டெய்னரும்தான். என் வீட்டுக்காரர் காப்பிக் கட்சி. இந்தக் கதையில் அவருக்கு வேலையில்லை.

என் பிறந்த நாளுக்கு ஜெனி ஒரு பெட்டி வாங்கி வந்தாள். உள்ளே பன்னிரண்டு பொட்டலம், பன்னிரண்டு வாசனை. மல்லிகை, ரோஜா, செம்பருத்தி, புதினா, சாமந்தி, எலுமிச்சை, பீச் பழம், வெனிலா என்று போகிறது வரிசை. வாரத்துக்கு ஒன்றாக இருவரும் உட்கார்ந்து ருசி பார்க்க வேண்டும், அவள் நோட்டில் குறித்துக்கொள்வாள். குட்டித் தராசில் இலையை நிறுத்து, தெர்மாமீட்டரில் தண்ணீர்ச் சூடு பார்த்து, போனில் மூன்று நிமிடத்துக்கு அலாரம் வைப்பாள். எனக்கு வார்டில் நிற்கிற மாதிரியே இருக்கும். பால் கூடாது. சர்க்கரை கூடவே கூடாது. ஒரு வாய் உறிஞ்சி நாக்கில் உருட்டி, என்னென்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும்.

"மம்மி, என்ன தெரியுது?"

"சுடுதண்ணி தெரியுது."

மல்லிகை டீ அன்று நிஜமாகவே தடுமாறிவிட்டேன். எங்கள் பக்கம் மல்லிகை தலையில் இருக்கும், மாதா கழுத்தில் இருக்கும், சவப்பெட்டி மேல் இருக்கும். வாய்க்குள் இருந்து நான் பார்த்ததில்லை. செம்பருத்தி தலைக்குத் தேய்க்கிற எண்ணெயில் போடுகிற சாமான். இதையெல்லாம் சொன்னால் ஜெனி கண்ணை உருட்டுகிறாள். ஆனாலும் பொய் சொல்லக் கூடாது, சிலது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. புதினாவை இரண்டாவது கோப்பை கேட்டு வாங்கினேன்.

நாலாவது வாரம் விறகுப் புகையில் வாட்டிய சீன டீ. கோப்பையை மூக்கருகே கொண்டு போனதும் பக்கென்றது. சாயங்காலம் காற்று திரும்பும்போது வடக்கே ஆலைப் பக்கமிருந்து எங்கள் சந்துக்குள் ஒரு வாசனை வருமே, துணிக்கொடியில் காயும் வெள்ளைச் சட்டைகூட அந்த வாசனையோடுதான் உள்ளே வருமே, அதேதான். "எண்ணூர்" என்றேன். ஜெனி அதையும் ஒரு ருசியின் பெயர் என்று நினைத்து எழுதிக்கொண்டாள். நோட்டில் இன்னும் இருக்கிறது: புகை, தார், எண்ணூர்.

2

என் அம்மாவுக்கு டீ ருசி பார்க்க ஒரு வழி இருந்தது. கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு, சட்டென்று ஒரு நக்கு. இஞ்சி போதும், சர்க்கரை பத்தாது, தூள் கறுக்கவில்லை, எல்லாம் அந்த நாலு சொட்டில் தெரிந்துவிடும்.

அதுதான் அவள் பிழைப்பு. எங்கள் சந்து போய் முட்டுகிற எண்ணூர் ரோட்டில், ஹார்பருக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். சில சமயம் நாள் முழுக்க நகராது. டிரைவர் இறங்கி டீக்கடைக்குப் போனால் அந்த இடைவெளியில் பின்னால் இருப்பவன் வண்டியை நுழைத்துவிடுவான். அதனால் டீ வண்டியைத் தேடிப் போக வேண்டும். அம்மா எவர்சில்வர் கேனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வரிசையோடு நடப்பாள். லாரிக் கதவைத் தம்ளரால் இரண்டு தட்டு தட்டுவாள். ஆந்திராக்காரனோ பீகார்க்காரனோ, மேலேயிருந்து ஒரு கை நீளும்.

ஒருமுறை நான் ஏலக்காய் தட்டிப் போடலாமே என்று யோசனை சொன்னேன். "வாசன இன்னாத்துக்குடி? வண்டி ஓட்றவனுக்கு நாக்குல ஒறைக்கணும், மூக்குல இல்ல" என்றாள்.

நர்சிங் காலேஜில் சேர்ந்த அன்று, அம்மா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார்கள். "ஹார்பர்ல" என்றேன். பொய் இல்லைதானே? இது எப்படியோ அவள் காதுக்குப் போய்விட்டது. திட்டுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். "ஆமா, ஹார்பரு என்னாண்டதான கீது" என்று சிரித்துவிட்டுக் கேனைக் கழுவப் போனாள். திட்டியிருந்தால் இன்றைக்கு எனக்கு இவ்வளவு உறுத்தாது.

சில வாரங்களுக்கு முன் ரோஜா டீ. ஜெனியின் தோழி ஒருத்தியும் வந்திருந்தாள். பேச்சு சுவாரசியத்தில் மறந்துபோய் நாலு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிவிட்டேன். மேசைக்கு அடியில் ஜெனி என் காலை மிதித்தாள். "மம்மி, பண்ணாத. நாய் மாதிரி இருக்கு" என்றாள். தோழிக்குப் புரியக் கூடாது என்பதற்காகத் தமிழில் சொன்னாள். அவளுக்குத் தமிழ் இந்த மாதிரி வேளைக்குத்தான் பயன்படுகிறது. கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எந்த வாயால் அவளைக் கண்டிப்பேன்? ஹார்பர் என்று சொன்ன வாய்தானே இது. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, நல்லா இருக்கு என்று சொல்லிவைத்தேன்.

3

இந்த ஊருக்கு வந்த புதிதில் வார்டில் என்னோடு வேலை பார்த்த வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி, "வெள்ளிக்கிழமை டீக்கு வா" என்று கூப்பிட்டாள். ஒரு கோப்பை டீ, மிஞ்சினால் இரண்டு பிஸ்கட் என்று கணக்குப் போட்டு, வயிறு நிறைய மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். போனால் மேசையில் இறைச்சி வைத்துச் சுட்ட பை, உருளைக்கிழங்கு மசியல், பட்டாணி, அப்புறம் கஸ்டர்ட். இங்கே சாயங்காலச் சாப்பாட்டுக்கே பெயர் டீ. மரியாதைக்குப் பயந்து அத்தனையையும் தின்றேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது மூச்சு விட முடியவில்லை. கடைசிவரை டீயை மட்டும் யாரும் கண்ணில் காட்டவில்லை.

அதற்குப் பிறகு, ஐந்து மணி வாக்கில் நோயாளிக் கிழவிகள் "டீ சாப்பிட்டாயா கண்ணு?" என்கிற அர்த்தத்தில் அவர்கள் பாஷையில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அம்மா ஞாபகம்தான் வரும். நம் ஆட்களும் டீயைக் குடிப்பதில்லையே, சாப்பிடுகிறோம். அம்மாவின் போன் எப்போதும் அப்படித்தான் ஆரம்பிக்கும். "டீ சாப்ட்டியாடி?" இல்லை என்று தெரியாமல் சொல்லிவிட்டால் போச்சு. "போயி சாப்ட்டு வா, நா வெச்சிட்றேன்" என்று போனை வைத்துவிடுவாள். எத்தனை தடவை சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன், கணக்கே இல்லை.

4

போன வருடம் நான் இந்த நாட்டுக் குடிமகள் ஆனேன். வார்டில் கேக் வெட்டினார்கள். என் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தேன், மூலையை வெட்டி, ரத்து என்று முத்திரை குத்தித் திருப்பித் தந்தார்கள். இனி ஊருக்குப் போய்வர, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்தியருக்கான ஓசிஐ கார்டு எடுக்க வேண்டும் என்று சொன்னார்கள். பெயரில்தான் ஓசி. பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று, அப்பா அம்மா இந்தியர்தான் என்பதற்கு அத்தாட்சி, குறிப்பிட்ட அளவில் போட்டோ, கையெழுத்து கட்டத்தைத் தாண்டாமல். தாண்டிவிட்டது, திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இழுப்பறையில் போட்டேன்.

அந்த இழுப்பறையை மூடின மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, தம்பி ராபர்ட்டு கூப்பிட்டான். அவன் டிரெய்லர் டிரைவர், அம்மா நடந்த அதே வரிசையில் அவன் வண்டியும் நிற்கும்.

"யக்கா, அம்மா பூட்டாங்கக்கா. காலைல டீ சாப்ட்டுட்டு படுத்தாங்கோ. ஏந்திரிக்கல."

 அவனே தொடர்ந்தான்.

"ஐஸ் பொட்டி சொல்லிகீறேன். நீ வர்றியா, இல்ல நாளைக்கே எட்த்துர்லாமா? சொல்லு."

"வரேன்டா. நான் வராம எடுக்காத."

அந்த வார்த்தையை நான் சொன்னேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.

டிக்கெட் போட்டேன், பையை அடைத்தேன், மான்செஸ்டர் விமான நிலையத்துக்கு ஓடினேன். கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு நம் ஊர் முகம். என் புதுப் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "விசா எங்கே மேடம்?" என்று கேட்டாள். இழுப்பறையில் கிடந்த படிவம் அந்த நேரத்தில் எனக்குச் சத்தியமாக ஞாபகமே வரவில்லை. இருபது வருடமாக வாயில் வராத பாஷை வந்தது. "எனக்கு இன்னாத்துக்கு விசா? எங்க வூட்டுக்குப் போறேன்!" பையைக் கொட்டித் தேடி, பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன். அவள் அந்த வெட்டுப்பட்ட மூலையை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இது செல்லாது, மேடம்" என்றாள். பாவம், மெதுவாகத்தான் சொன்னாள்.

அவசர விசாவுக்கு விண்ணப்பம் போட்டேன். அதில் ஒரு கட்டம், இந்தியாவில் உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் பெயர், முகவரி. யோசிக்காமல் அம்மா பெயரை எழுதினேன். இத்தனை வருடமாக எந்தப் படிவத்திலும் அந்தப் பெயர்தானே எழுதினேன். ஊழியர் ஒருவர் போனில் கூப்பிட்டு, "இவரைத் தொடர்புகொள்ள முடியுமா?" என்றார். முடியாது என்றேன். அப்படியானால் திருத்தித் தரச் சொன்னார். திருத்துவதற்குள் வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டது. சனி, ஞாயிறு விடுமுறை.

ராபர்ட்டு வியாழன் வைத்திருந்தான், வெள்ளி வைத்திருந்தான். சனிக்கிழமை என் போனை எடுத்தவன் குரல் கம்மியிருந்தது. "நீதானக்கா எடுக்காதன்னே. ஜனம் அல்லாம் எம்மூஞ்சியப் பாக்குது. இதுக்கு மேல நா இன்னா பண்றது?" பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான். அன்று சாயங்காலம் நடந்த அடக்கத்தை யாரோ பிடித்துக் காட்டிய போனில் பார்த்தேன். பாதி நேரம் ஒரு சட்டையின் முதுகுதான் தெரிந்தது.

விசா செவ்வாய்க்கிழமை வந்தது. நான் போகவில்லை. அதன் பிறகு ராபர்ட்டு என்னோடு பேசவில்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினேன், பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் குறி விழுந்தது, அவ்வளவுதான்.

5

அம்மாவின் வருடப் பூசை இதோ வந்துவிட்டது. ஓசிஐ கார்டும் வந்துவிட்டது, இந்தத் தடவை கையெழுத்து கட்டத்துக்குள் அடங்கி உட்கார்ந்திருக்கிறது. போவதற்கு இப்போது எந்தச் சட்டமும் தடை இல்லை. தடை ராபர்ட்டு. "வா" என்று அவன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லாமல் அந்தச் சந்துக்குள் நான் எந்த முகத்தோடு போய் நிற்பது? அம்மா கையால் டீ வாங்கிச் சாப்பிட்டவர்கள் எல்லாம் இரண்டு நாள் எனக்காகக் காத்திருந்தார்களே.

மாமாவுக்கும் ஒரு டீ பெட்டி அனுப்பலாம் என்றது ஜெனியின் யோசனை. "மாமாவுக்கும் டீ பிடிக்கும்ல?" என்றாள். அவளுக்கு நடந்தது தெரியும். ஆனால் சண்டை என்றால் நல்ல பரிசு கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிற வயது. அசாமில் பறித்த இலை, இங்கிலாந்தில் வாசனை ஏறி, திருவொற்றியூருக்குப் போகிறது. உள்ளே பூச்சி இல்லை, மண் இல்லை, விதை இல்லை என்று தபால் நிலையத்தில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கடிதம் ஏதாவது வைக்கலாமா என்று பேனாவை எடுத்தேன். "டீ சாப்ட்டியாடா?" என்று மட்டும் எழுதி, பெட்டி மூடிக்குள் சொருகினேன்.

6

போன ஞாயிறு பதினோராவது டீ. இலை மூன்று நிமிடத்துக்கு ஊறிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. திரையில் ராபர்ட்டு முகம். ஒரு வருடத்தில் காதோரம் முழுக்க நரைத்துவிட்டான்.

"யக்கா, இன்னாக்கா அனுப்பிச்சிகீற? டீயா, சாம்பிராணியா?"

 போனைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்தேன்.

"ஏன்டா, என்ன ஆச்சு?"

"இன்னிக்கி வூட்ல ஜெபமால. அம்மாவுக்கோசரம். முப்பது பேரு வந்துகீறாங்கோ. வூட்ல டீத்தூளு இல்ல. செரி, அக்கா அனுப்புனது கீதேன்னு பொட்டியத் தொறந்தேன். பன்னெண்டு பாக்கெட்டு. சின்னச் சின்ன பாக்கெட்டாப் போட்டுத் தர்றான் போல, அல்லாம் ஒரே தூளுதான்னு நென்ச்சிகினு, பன்னெண்டையும் கிய்ச்சி ஒரே குண்டான்ல கொட்டிட்டேன். அஞ்சு லிட்டர் பாலு. இஞ்சி தட்டிப் போட்டேன், சக்கர போட்டேன்."

"ஐயையோ! செம்பருத்தியையுமா? எலுமிச்சையையுமா?"

"எனக்கின்னா தெரியும்? பாலு திரிஞ்சி பூட்ச்சு! ரோஸ் கலரு! மேல பூவு மெதக்குது! ஃபாதரு வேற குந்திகினுகீறாரு!"

"அப்புறம் என்னடா பண்ணே?"

"இன்னா பண்றது? துணில வடிகட்டிக் குட்த்தேன். ஒருத்தன் வாயத் தொறக்கலியே! மூஞ்ச ஒரு மாரி வெச்சிகினு அல்லாம் குட்ச்சிட்டானுங்கோ. ஃபாதரு மட்டும், 'இது ஏதாவது மருந்து டீயா, ராபர்ட்டு?'ன்னாரு."

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். ஒரு வருடம் கழித்து என் தம்பி என்னோடு சிரிக்கிறான். ஜெனியும் பாதி புரிந்தும் புரியாமலும் சிரித்தாள். சிரித்துச் சிரித்து அவனுக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவன் முகம் மாறியிருந்தது.

"அந்த ரெண்டு நாளு, அம்மா ஐஸ் பொட்டில இருக்கசொல்ல, கடேலருந்து கேன்ல டீ வந்துகினே இருந்திச்சு. வந்தவங்களுக்குக் குடுக்கசொல்ல, உனுக்கு ஒரு கப்பு தனியா எட்த்து அம்மா தலமாட்டாண்ட வெச்சேன். நீ எவ்ளோ தூரத்துலருந்து வர்ற, வந்ததும் குட்ப்பியே, அதான். அது ஆறிப்போயி ஆட கட்டிக்கும். எட்த்து ஊத்துவேன். அடுத்த தபா கேன் வந்தா திரும்ப ஒண்ணு வெப்பேன். அதுவும் ஆட கட்டிக்கும்."

"ராபர்ட்டு..."

"மூணாவது நாளு வெக்கல."

 எப்படியோ ஒரு வார்த்தையைப் பிடித்து இழுத்தேன். "பூசைக்கு நான் வரே..."

"தோ பாரு, வரேன்னு சொல்லாத." கையை நீட்டித் தடுக்கிற மாதிரி திரைக்கு முன்னால் காட்டினான். "அந்த வார்த்த மட்டும் சொல்லாதக்கா. வர்றதுன்னா வந்துட்டு சொல்லு."

வைத்துவிட்டான்.

7

அலாரம் எப்போதோ அடித்து ஓய்ந்திருந்தது. பதினோராவது டீ கறுத்துப் போயிருந்தது. ஜெனி நோட்டை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"மம்மி, மாமா ஏதோ ஆடை கட்டினாங்கன்னு சொன்னாங்கல்ல, யாரோட டிரெஸ்?"

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. ஆடை என்றால் உடுப்பு என்று இந்த ஹல் ஊர்த் தமிழ்ப் பள்ளியில் சனிக்கிழமை வகுப்பில் படித்திருக்கிறாள். டீயில் ஆடை கட்டி அவள் பார்த்ததே இல்லை. நான் எப்போதாவது போடுகிற பால் டீயை ஆறவிடுவதில்லை, இவள் பரீட்சையிலோ பாலே கிடையாது. சுடுதண்ணீரில் பூவை ஊறவைத்து எத்தனை மணி நேரம் வைத்தாலும் அதன் மேல் எதுவும் கட்டாது.

எழுந்து போய் அலமாரியின் பின்னால் இருந்த டஸ்ட் டீத்தூளை எடுத்தேன். பால் வைத்து, இஞ்சி தட்டி, கறுக்கக் கொதிக்கவிட்டேன். நாலு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். ஜெனி இந்தத் தடவை தடுக்கவில்லை. ஒரு கோப்பையில் வடிகட்டி மேசை நடுவில் வைத்தேன். "தொடாத. பாரு" என்றேன்.

இருவரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முதலில் ஆவி நின்றது. பிறகு ஓரத்தில் லேசாகச் சுருங்கி, நடுவரைக்கும் தோல் மாதிரி படர்ந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "இதுதான் ஆடை" என்றேன். ராபர்ட்டு இதை இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தான் என்று சொல்ல வந்தேன், முடியவில்லை.

"ஊத்திடட்டுமா மம்மி?" என்று கோப்பையை எடுக்கப் போனாள். வாங்கி ஆடையோடு குடித்தேன். ஆறிப்போய், இஞ்சி அடியில் தங்கி, ஒரே கசப்பு.

அன்று சாயங்காலமே டிக்கெட் போட்டுவிட்டேன். எந்தத் தேதி, எந்த விமானம் என்று இங்கே எழுதப் போவதில்லை. திருவொற்றியூர்ப் பக்கம் இதைப் படிக்கிறவர்கள், எண்ணூர் ரோட்டு வரிசையில் நிற்கிற ராபர்ட்டை உங்களுக்குத் தெரியும் என்றால், தயவு செய்து அவனிடம் நான் வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.